நிறுத்தி வைத்தவர்

என் தொலைபேசி ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் அடிக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், "உங்களுக்கென்னங்க, ராஜ வாழ்க்கை" என்பார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சனியன் அடிக்காமல் இருந்தால் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடலாமே என்று வாய்விட்டுப் புலம்பியிருக்கிறேன். என் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு காப்பீட்டு அலுவலகம். ஏழு மாடி. எல்லா மாடியிலும் இருக்கிற கணினிகள், கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குப் பின்னால் என் அறையில் ஓடும் ஒரு பெரிய கணினியோடு இணைந்தவை. யார் எங்கே உட்கார்ந்து 'பிரிண்ட்' அழுத்தினாலும் அது நேராக பிரிண்டருக்குப் போய்விடாது; என்னிடம் வந்து வரிசையில் நிற்கும். அந்த வரிசையைக் கட்டி மேய்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு மகானுபாவர் ஐந்நூறு பக்க அறிக்கையை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அதற்குப் பின்னால் யாரோ ஒரு பெண்ணின் ஒற்றைப் பக்க விடுப்பு விண்ணப்பம் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கும். நான் பெரியதை நிறுத்தி வைத்துவிட்டுச் சின்னதை முன்னால் விடுவேன். நாலாம் மாடியில் காகிதம் சிக்கிக்கொண்டால், அந்த வரிசையை அப்படியே அள்ளி மூன்றாம் மாடி பிரிண்டருக்குத் தள்ளுவேன். யாருடையதையும் நிறுத்தலாம், விடுவிக்கலாம், தூக்கி எறியலாம். அந்த அறைக்கு வெளியே எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது என்பது வேறு விஷயம்.

காலையில் உட்கார்ந்தால் தொலைபேசி ஓயாது. "பிரிண்டர் அக்கா, என்னோடது எங்க போச்சு?" "பிரிண்டர் அக்கா, டைரக்டர் காத்துக்கிட்டிருக்கார், என் வேலை போயிடும்!" ஒரு தடவை அழுத்தி வரவில்லை என்றால் பத்துத் தடவை அழுத்தும் ஜென்மங்கள், பிறகு பத்துப் பிரதி வந்ததும், "உங்க மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று என்னைத் திட்டும். நானும் சும்மா இருக்க மாட்டேன். "மெஷினுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். இழப்பீட்டுப் பிரிவில் ஒரு கட்டைக்குரல், சட்டப் பிரிவில் ஒரு மூக்குக்குரல், ஏஜென்ட் பிரிவில் எப்போதும் எதையோ மென்றுகொண்டே பேசும் ஒரு குரல். எல்லோரையும் குரலால் தெரியும். முகத்தால் யாரையும் தெரியாது. என் அறைக்கு ஜன்னல்கூட இல்லை. இயந்திரத்துக்குக் குளிர்ச்சி வேண்டும், எனக்கு வேண்டியதை யார் கேட்டார்கள்!

வீட்டிலும் கதை அதேதான். அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அண்ணி நல்லவள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். நான் வரும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும். ஆனால் கூடத்தில் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிட்டு, தட்டைக் கழுவி, மாடிப்படி ஏறும்வரை ஒருவர் தலையும் நிமிராது. அண்ணன் மகன் மட்டும் எப்போதாவது படியடியில் நின்று குரல் கொடுப்பான்: "அத்தை, நெட் போச்சு!" அந்த வீட்டில் எதுவும் கெட்டுப்போகாத நாளில் நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை.

போன வருஷம் புது மென்பொருள் வந்தது. எது பெரியது, எது சின்னது, எந்த பிரிண்டர் சும்மா இருக்கிறது என்று அதுவே பார்த்து அனுப்பிவிடும். அது மட்டுமில்லை, ஒவ்வொருவர் திரையிலும் ஒரு சின்னப் பெட்டி. தாங்கள் அனுப்பியது எங்கே நிற்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். கீழே இரண்டு பொத்தான்: நிறுத்து, விடு. தன்னுடையதை நிறுத்தவும் விடவும் இனி யாரும் என்னைக் கெஞ்ச வேண்டாம்.

வந்த வாரமே தொலைபேசி பாதியாகக் குறைந்தது. அடுத்த மாதம் கட்டைக்குரல் போனது, மூக்குக்குரல் போனது, மெல்லும் குரலும் போனது. சண்டை போடக்கூட ஆள் இல்லை. உட்கார்ந்து ஈ ஓட்டலாம் என்றால், அந்தக் குளிரில் ஈகூட உள்ளே வராது. நான் கேட்ட நிம்மதிதான். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது.

மிச்சமிருந்தது ஒரே ஒருவர். ரெக்கார்டு ரூம் சார்.

பழைய கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அறை ஏழாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் ஆறோடு நின்றுவிடும். அங்கே அவர் ஒருவர்தான். அன்றைக்கு எந்தெந்தக் கோப்பு கீழே போனது என்று ஒரு பக்கம் அச்சடித்துக் கதவில் ஒட்டுவது அவர் வழக்கம். மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அதை அனுப்புவார். அது நின்றுவிடும். உடனே போன் அடிக்கும்.

"மேடம், வணக்கம். ரெக்கார்டு ரூம்லருந்து பேசறேன். பிரிண்ட் நின்னு போச்சு, என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

"தினமும் இதே பாட்டுதானா சார்? அந்தப் பெட்டியில 'விடு'ன்னு இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க."

"அப்படியா, எங்க இருக்கு... கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதே."

"கீழ. வலது பக்கம்."

"இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்."

கண்ணாடியைத் தேடுகிற நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார். "சாப்பாடு ஆச்சுங்களா?" என்பார். என்னை அப்படிக் கேட்கும் ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். பிறகு ஜன்னல் வழியாகத் தெரிவதைச் சொல்வார். "வடக்குப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது மேடம், குடை இருக்குங்களா?" "எதிர்க் கட்டடத்துல பெயின்ட் அடிக்கிறாங்க. ஒருத்தர் கயித்துல தொங்கிக்கிட்டே போன் பேசறார், பார்க்கவே பயமா இருக்கு." "ரோட்டுல ரெண்டு காரு முட்டிக்கிச்சு. அடியெல்லாம் இல்லை, வாய்ச்சண்டைதான்." நான் சலித்துக்கொள்வேன். "சார், கண்ணாடி கிடைச்சுதா இல்லையா?" என்பேன். கிடைத்துவிட்டது என்பார். பொத்தானை அழுத்துவார். வந்துவிட்டது, ரொம்ப நன்றி என்பார். வைத்துவிடுவார்.

மரமண்டை என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் சொல்லியும் ஒரு பொத்தான் மண்டையில் ஏறாதா! ஆனால் ஒன்று. அவர் போன் வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பேன். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

எங்கள் பிரிவு மேலாளர் சின்ன வயசுக்காரர். எதையும் கட்டம்போட்டு, வண்ணமடித்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதனால் அவருக்கு 'சார்ட்டு' என்று பெயர். கெட்ட மனுஷர் இல்லை. ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இதைப் பாருங்க. புகார் அழைப்பு எல்லா மாடியிலயும் பூஜ்யம். எல்லாம் பச்சை. ஏழாவது மாடி மட்டும் சிவப்பு. என்ன பிரச்சினை அங்க?"

"பழைய கம்ப்யூட்டர் சார். அடிக்கடி மக்கர் பண்ணுது."

"எதுக்கும் ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்துச் சொல்லுங்களேன். இந்த ஒண்ணும் பச்சையாயிட்டா, மேலே காட்டிடுவேன்."

அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பிரிண்டுக்கும் யார் அனுப்பியது, எப்போது, எத்தனை பக்கம் என்று கணினி எழுதி வைத்திருக்கும். 'நிறுத்தியவர்' என்று ஒரு கட்டமும் உண்டு. நான் நிறுத்தினால் 'நிர்வாகி' என்று விழும். இயந்திரம் தானாக நின்றால் 'பிழை' என்று விழும். ரெக்கார்டு ரூம் சாருடைய வரிகளில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்தான் இருந்தது. உரிமையாளர். உரிமையாளர். உரிமையாளர்.

அதாவது, நிறுத்தியது அவரேதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை எங்கே வைக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் தட்டிவிட்டு, தினமும் என் உயிரை வாங்கியிருக்கிறாரே இந்த மனுஷன்! இப்போதே போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று ரிசீவரை எடுத்தேன். அப்போதுதான் அந்த வாரம் கண்ணில் பட்டது.

நடுவில் ஒரு வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். நெட்வொர்க் பிரிவிலிருந்து ஒருவர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தின் முதல் நாளில், நிறுத்தியவர்: உரிமையாளர். விடுவித்தவர்: உரிமையாளர். இடையில் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், கண்ணாடியைத் தேடாமல், அவரே விட்டிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து அந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. எல்லாம் சொல்லி வைத்தமாதிரி போய், வந்து, முடிந்திருந்தது. நான் வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு மறுபடியும், நிறுத்தியவர்: உரிமையாளர்.

எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர் அப்போது சொன்னதும் ஞாபகம் வந்தது. "உங்க போன் ஒரே ஒரு தடவைதான் அடிச்சதுக்கா. எடுத்து, அக்கா அடுத்த வாரம்தான் வருவாங்கன்னேன், பட்டுன்னு வச்சிட்டாங்க."

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. கள்ளன்! கண்ணாடியாவது மண்ணாங்கட்டியாவது! பொத்தான் எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. ஏழாம் மாடியில் ஒரு மனுஷர் தினமும் ஒரு காகிதத்தைத் தானே நிறுத்தி வைத்துவிட்டு, என்னோடு பேச ஒரு சாக்கு தேடியிருக்கிறார். அந்தப் போனை எடுத்துப் பேசுவதற்கென்றே இங்கே நான் டப்பாவைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறேன். அழுதேன். அந்த அறையில் யார் பார்க்கப் போகிறார்கள்.

மறுநாள் போன் வந்தது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"கீழ, வலது பக்கம் சார்."

"இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்."

"மெதுவாத் தேடுங்க," என்றேன்.

அவருக்கு அது புதுசு. பிறகு எதிர்க் கட்டடத்தில் பெயின்ட் வேலை முடிந்துவிட்டது, வாழைப்பழ மஞ்சள், பார்க்கச் சகிக்கவில்லை என்று சொன்னார்.

அன்றைக்கு மாலையே சார்ட்டு வந்து நின்றார். "அக்கா, நானே ஹிஸ்டரி பார்த்தேன். கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லை. அவரே தெரியாம நிறுத்திடறார், கை பட்டுடுது போல. வயசானவர் பாவம். அவருக்கு அந்த 'நிறுத்து' பட்டனை எடுத்துடுங்க. பிரச்சினை தீர்ந்தது."

"செய்யறேன் சார்," என்றேன்.

செய்யவில்லை. இன்றைக்கு வேறு வேலை, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன். அவர் இரண்டு தடவை நினைவூட்டினார். "அந்த ஆளுக்கு அது வேண்டும் சார்" என்று எப்படிச் சொல்வது? எதற்கு என்று கேட்டால் ரெக்கார்டு ரூம் சார் மானத்தைக் கப்பலேற்றியது போல ஆகிவிடும். என் மானத்தையும் சேர்த்துத்தான். மென்று விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பியபோது என் நாற்காலியில் சார்ட்டு உட்கார்ந்திருந்தார். "நானே எடுத்துட்டேன்க்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்று சிரித்தார். டீயை மேசைமேல் வைத்துவிட்டு, "நன்றி சார்" என்றேன்.

அன்றைக்கு போன் வரவில்லை.

அவருடைய ஒரு பக்கம் வழக்கமான நேரத்துக்கு வரிசைக்கு வந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட்டது. முடிந்தது என்று திரை பச்சையில் எழுதிக்காட்டியது. தொலைபேசியைப் பார்த்தேன். எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்தும் பார்த்தேன். இருந்தது. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். "என்ன, சாப்பிடலையா?" என்று அண்ணி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை இல்லை. என் அறைக்குள் இருந்தால் உலகமே மூழ்கினாலும் தெரியாது. தெப்பலாக நனைந்து பேருந்தில் ஏறியபோது, சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று அவர்மேல் கோபம் வந்தது. பொத்தான் போனால் என்ன? இந்த மனுஷருக்குச் சும்மா ஒரு போன் போடத் தெரியாதா?

எனக்கு மட்டும் தெரியுமா என்ன! மறுநாள் நானே ரிசீவரை எடுத்து ஏழாம் மாடி எண்ணை அழுத்தினேன். கடைசி எண்ணுக்கு முன்னால் கை நின்றுவிட்டது. எடுத்தால் என்ன சொல்வது? பிரிண்ட் வந்ததா சார் என்றா? வந்ததே, ஏன் கேட்கிறீர்கள் என்பார். காரணமில்லாமல் ஒருவர் இன்னொருவருக்குப் போன் செய்யக் கூடாது என்று எங்கேயும் சட்டம் கிடையாது. ஆனாலும் அவரும் நானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாகவே இத்தனை காலம் இருந்திருக்கிறோம். வைத்துவிட்டேன்.

மாலையில் வாசலில் எல்லோரும் கலைந்து போகும்போது கொஞ்ச நேரம் தூண் ஓரமாக நின்றேன். நரைத்த தலை எத்தனையோ போயிற்று. யாராவது வாயைத் திறந்தால்தானே கண்டுபிடிப்பேன்! ஒருவர் கண்ணாடியைச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். அவராக இருக்குமோ என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் காவலாளியிடம் ஏதோ கேட்டார். கீச்சுக்குரல். அவர் இல்லை.

ஏழாம் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். போய் நின்றால் அவருக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணம் தயாரிப்பதில் அவர் கெட்டிக்காரர், நான் இல்லை.

சார்ட்டு கட்டம் முழுக்கப் பச்சையாக்கி, எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியது. திரையில் அவருடைய ஒரு பக்கம் வந்து வரிசையில் நின்றது. அவரால் இனி நிறுத்த முடியாது. அந்தக் கட்டடத்தில் அதை நிறுத்தக்கூடிய ஆள் ஒருத்திதான்.

நிறுத்தினேன்.

நிறுத்தியவர்: நிர்வாகி என்று விழுந்தது. சார்ட்டு நாளைக்குப் பார்ப்பார், பார்க்கட்டும். பச்சை எங்கே போனது என்று கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். கையைப் பிசைந்துகொண்டு தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராது என்று நினைத்தேன். அவர் இந்நேரம் சாப்பிடப் போயிருப்பார், நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார், அல்லது வேறு யாரிடமாவது பேசப் பழகியிருப்பார். இனிப்பின்மேல் எறும்பு ஊறத் தொடங்கியது. ஈ வராத அறைக்கு எறும்பு எப்படித்தான் வந்ததோ.

போன் அடித்தது.

"மேடம், வணக்கம். ரெக்கார்டு ரூம்லருந்து பேசறேன்."

"சொல்லுங்க சார்." என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

"பிரிண்ட் நின்னு போச்சு."

"அப்படியா."

"ஆமாம். என்னன்னே தெரியலை. நிஜமாச் சொல்றேன் மேடம், இன்னைக்கு நான் ஒண்ணுமே பண்ணலை."

சொல்லிவிட்டு டக்கென்று நிறுத்திக்கொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது. எங்கே வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது.

"தெரியும் சார்," என்றேன். "இன்னைக்கு நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் உட்காருகிறார் என்று தெரிந்தது.

"சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டேன். நான் அவரை அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"இன்னும் இல்லை."

"நானும் இல்லை. வெளியே எப்படி இருக்கு?"

"நல்ல வெயில் மேடம்," என்றார். "எதிர்க் கட்டடத்து மஞ்சள்கூட இன்னைக்குப் பரவாயில்லை."

திரையில் அவருடைய ஒரு பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. 'விடு' பொத்தான்மேல் விரலை வைத்தேன்.

"விட்டுடட்டுமா சார்?"

"வேண்டாம்," என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லை மேடம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."